மலைக்காற்று, ரத்தப் பரிசோதனை, புற்றுநோய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மலையில் வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு, ஆக்சிஜன் குறைந்த காற்றே காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: முழுப் பொய்யில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக அலசி 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் நுரையீரல் புற்று லட்சத்துக்கு ஏழு பேர் வீதம் குறைந்திருந்தது. மார்பகம், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுகளில் அந்தத் தெளிவு இல்லை. மூச்சில் போகும் ஆக்சிஜனே நுரையீரல் செல்களைக் கெடுக்கிறதோ என்ற ஊகம் அதிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் அது ஊர்க்கணக்கு, ஆள்கணக்கு அல்ல. சிகரெட் பிடிப்பவருக்கு இதே புற்று வரும் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு. லட்சத்தில் ஏழு எங்கே, இது எங்கே! குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு விறகு எரிக்கும் வீட்டில் மலைக்காற்றைப் பற்றிப் பேசுவதிலும் அர்த்தமில்லை.

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஹீமோகுளோபின் 17.8. கோவை மருத்துவர் ஜாக்-2 மரபணுப் பரிசோதனை எழுதியிருக்கிறார். "ஊட்டியில் இருந்தால் ரத்தம் ஏறத்தான் செய்யும், எதற்கு வீண் செலவு" என்கிறார்கள் உறவினர்கள்.
– ஊட்டி வாசகி

பதில்: பரிசோதனையைச் செய்துவிடுங்கள். உறவினர்கள் சொல்வதில் பாதிதான் சரி. 2,240 மீட்டர் உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை கூடுதலாகச் சிவப்பணுக்களைச் செய்கிறது. இந்த உயரத்தில் இதனால் ஹீமோகுளோபின் கூடுவது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை கிராம். மலைவாசிகளுக்கு ரத்தம் அளவுமீறிக் கெட்டியாகும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் பேசப்படுவது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

ஆண்களுக்கு 16.5-ஐத் தாண்டினால் பாலிசைத்தீமியா வேரா என்ற ரத்தப் புற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. மலைக்கென்று அதைக் கழித்தாலும் உங்கள் கணவர் எல்லையை ஒட்டியேதான் நிற்கிறார். இந்த நோயாளிகளில் சுமார் 95 சதவீதம் பேரிடம் அந்த ஜாக்-2 மரபணுவில் மாற்றம் இருக்கும். எரித்ரோபாய்ட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: மலையால் ஏறிய ரத்தம் என்றால் அது இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும், இந்த நோயில் தாழ்ந்திருக்கும். வெள்ளையணுவும் தட்டணுவும் கூடவே ஏறியிருக்கின்றனவா என்று பழைய தாளையே எடுத்துப் பாருங்கள். வெந்நீரில் குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி அரிப்பு வருகிறதா? நம் ஊரில் அதைப் பனிக்கு வறண்ட தோல் என்று தேங்காய் எண்ணெய் தடவி விட்டுவிடுவார்கள், மருத்துவரிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

நோய் இல்லாமலும் ஏறும். புகைப்பவர்களுக்கு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு, நீர்ச்சத்து வற்றியவர்களுக்கு இப்படிக் காட்டலாம். நோயே என்று உறுதியானாலும் பலருக்கு முதல் சிகிச்சை அவ்வப்போது ரத்தம் எடுத்து ஹெமட்டோகிரிட்டை (தாளில் பி.சி.வி. என்றும் இருக்கும்) 45 சதவீதத்துக்குக் கீழே வைப்பதும், குறைந்த அளவு ஆஸ்பிரினும்தான். கவனிக்காமல் விட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகும்.

இதன் மறுபக்கம்தான் அதிகம் தவறவிடப்படுவது. ஊட்டியில் வாழும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12.3 என்று வந்தால், சமவெளி அளவுகோலை அச்சடித்த தாள் 'நார்மல்' என்று சொல்லும். இங்கே அது சோகையாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இரும்புச்சத்து குறைகிறது என்றால் குடலில் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், பெருங்குடல் புற்று அப்படித்தான் பிடிபடுவதுண்டு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதே "நான் ஊட்டியில் வசிக்கிறேன்" என்று எழுதிக்கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்று, கீமோ முடிந்து இரண்டு மாதம். நாலு நாள் கொடைக்கானல் கூட்டிப்போகலாமா?
– மதுரை வாசகர்

பதில்: விமானத்தில் ஏற்றுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம், கொடைக்கானல் சுமார் 2,100. மதுரையிலேயே ஆக்சிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைச் சூடாக்கி, நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில், எண் நிலைத்த பிறகு படியுங்கள். 95-க்கு மேல் என்றால் பொதுவாகத் தொல்லையில்லை. 92-க்கும் 95-க்கும் இடையில் என்றால் மருத்துவரைக் கேளுங்கள். அதற்கும் கீழே, அல்லது ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மேலே போனதும் 93, 94 என்று காட்டினால் பதற வேண்டாம். 90-க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் கீழே இறங்கிவிடுங்கள்.

அறைக்குள் கரியடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிமீட்டர் 'நன்றாக இருக்கிறது' என்றே காட்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் உயரத்தின் மேல் பழி போடாமல் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள். 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடும். கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் அந்த இடத்தைப் பருத்தித் துணியால் மூடியே வையுங்கள், மூடுபனியை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஆவி பறக்கத் தேநீர் குடித்தால் புற்றுநோயாமே?
– குன்னூர் வாசகர்

பதில்: தேநீரால் இல்லை, சூட்டால். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் 65-க்கு வெகுதூரம் இருக்கிறது. டம்ளருக்கும் டவராவுக்குமாக நாலைந்து முறை ஆற்றிவிட்டு, உதட்டில் வைத்துப் பார்த்துக் குடியுங்கள்.