சப்போர்ட்டில் மூன்று வருடம், அட்மின் இன்டர்வியூவில் மட்டும் திணறல்

மூன்று வருடம் ஐடி சப்போர்ட்டில் இருந்துவிட்டு சிஸ்டம் அட்மின் வேலைக்கு முயல்கிறீர்கள், அதற்கு இன்னொரு சான்றிதழ் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். வீட்டில் ஒரு லேப், அதாவது நீங்களே செய்து பழகும் செட்டப், போடுங்கள். மூன்று இன்டர்வியூவிலும் ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸின் யூசர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) கேள்வியில் திணறினேன் என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் இதுதான்: பாஸ்வேர்டு ரீசெட்டும் அக்கவுண்ட் அன்லாக்கும் தினமும் செய்திருப்பீர்கள், அப்படி நிர்வகிக்கப்படும் குழுவான டொமைனை நடத்தும் சர்வரை, அதாவது டொமைன் கன்ட்ரோலரை, நீங்களே நிறுவியிருக்க மாட்டீர்கள்.

விண்டோஸ் சர்வர் 180 நாளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஒரு சர்வர், ஒரு கிளையன்ட் (யூசரின் கம்ப்யூட்டர்) வைத்தால் போதும். கிளையன்டில் விண்டோஸ் ஹோம் எடிஷன் போட்டுவிடாதீர்கள், அது டொமைனில் சேரவே சேராது.

அப்புறம் ஒரு சோதனை. கிளையன்டின் டிஎன்எஸ்ஸை (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி சொல்லும் சேவை) கூகுளின் 8.8.8.8 என்று மாற்றி, டொமைனின் முழுப் பெயரைக் கொடுத்துச் சேர்த்துப் பாருங்கள். சேராது. இன்டர்நெட் ஓடுகிறது, பிங் கொடுத்தால் சர்வரின் ஐபியிலிருந்து பதிலும் வருகிறது, பிறகு ஏன்? டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று காட்டும் எஸ்ஆர்வி ரெக்கார்டு உங்கள் சர்வரின் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கிறது. கூகுளுக்கு அது தெரியாது. இதைத் தடுமாறாமல் விளக்க வந்துவிட்டால் அடுத்த இன்டர்வியூவுக்குப் போகலாம்.

இந்த விளையாட்டெல்லாம் லேப்போடு சரி, ஆபீஸ் டொமைனில் வேண்டாம். இன்னொன்று: அட்மினுக்குப் பேட்ச் வேலை (சர்வர்களுக்கு அப்டேட் போடுவது) பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான். வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.