வால்வு வாங்கும் முன் ஹெட்டை அளக்கச் சொல்லுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் என்னிடம் 2008ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் டைப் ஆர் இருக்கிறது. சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை) பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். அன்றாடம் வேலைக்கு, வருடத்தில் மூன்று நான்கு தடவை மலேசியாவின் சேப்பாங் பந்தயத் தடத்துக்கு. 160,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. நண்பர் மூலம் அறிமுகமான ஒருவர், “ஒரிஜினல் வால்வு தாங்காது, எப்ப வேணும்னாலும் உடையும். இன்கோனல் (நிக்கல் கலந்த உலோகம்) வால்வு, டைட்டானியம் ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் மூடி), புது ஸ்பிரிங், எல்லாம் சேர்த்து 6,800 வெள்ளி. ஜேபியில (ஜோகூர் பாருவில்) முடிச்சுத் தர்றேன்” என்கிறார். இஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. மாற்றிவிடலாமா அண்ணே? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முன்பணமும் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றுக் கசிவை அளக்கும் சோதனை) எடுங்கள். வால்வைப் பற்றிய பேச்சை அதன் முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. காற்றை உள்ளே விடவும் எரிந்த புகையை வெளியே விடவும் திறந்து மூடும் கதவுதான் வால்வு. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் உங்கள் இஞ்சினின் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 66 தடவை திறந்து மூடுகிறது. முழு வேகத்தில் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில், சில நேரம் அதற்கும் மேலே போகும். ஆனால் இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் ஹோண்டா அந்த கே20ஏ இஞ்சினை 8,000 சுற்றில் 225 குதிரைத்திறன் தரும்படி செய்தது. உங்கள் காரில் டர்போ இல்லை, இஞ்சினுக்குள் யாரும் கை வைத்ததும் இல்லை. அப்படிப்பட்ட இஞ்சினில் ஒரிஜினல் வால்வு தானாக உடைவது அபூர்வம். உடைந்த வால்வோடு வருகிறவர்களிடம் விசாரித்தால், கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் ஆரம்பித்திருக்கும்.

முதல் சந்தேகம் எனக்கு எப்போதும் கியர் மேல்தான். சேப்பாங்கின் நேர்பாதை முடிந்து முதல் வளைவுக்குப் பிரேக் அடிக்கிறீர்கள். ஐந்திலிருந்து நான்குக்கு இறங்க வேண்டிய கை, அவசரத்தில் இரண்டில் போய் விழுகிறது. கிளட்ச்சை விட்டதும் சக்கரம் இஞ்சினைச் சுழற்ற ஆரம்பித்துவிடும். இஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டரால் பெட்ரோலைத்தான் நிறுத்த முடியும், சக்கரத்தை நிறுத்த முடியாது. 8,000 சுற்று 10,000 ஆகும்போது வால்வைப் பிடித்து இழுக்க ஸ்பிரிங்குக்கு வேண்டிய விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஸ்பிரிங் தோற்றுப்போகிறது, வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கிறது. லேசாக வளைந்த வால்வு அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. தண்டு தலையோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்து, பிறகு ஒரு நாள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சும்மா போய்க்கொண்டிருக்கும்போது தலை துண்டாகும். பழி ஒரிஜினல் வால்வு மேல் விழும். இன்கோனல் போட்டிருந்தாலும் பிஸ்டனில் இடித்தால் வளையத்தான் செய்யும். அப்படி ஒரு தவறு உங்கள் கையால் நடந்திருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். நடந்திருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது தேய்மானம். வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) வழியாக ஹெட்டுக்கு (வால்வுகள் இருக்கும், சிலிண்டரின் மேல்மூடிக்கு) போய்விடுகிறது. மிச்சம் தண்டு வழியாக கைடுக்கு (தண்டு மேலும் கீழும் ஓடும் குழாய்க்கு) போகிறது. சீட்டில் ஒழுங்காக உட்காராத வால்வு எந்த உலோகத்தில் செய்திருந்தாலும் எரியும். கழற்றிய எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இது புரியும். சீட்டைத் தொடும் இடத்தில் மங்கலான சாம்பல் நிற வளையம் ஒன்று இருக்கும். சுற்றிலும் ஒரே அகலத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் அகன்று எதிர்ப்பக்கம் மெலிந்திருந்தால் கைடு தேய்ந்து வால்வு சாய்ந்து உட்கார்கிறது என்று பொருள். வளையத்தின் குறுக்கே கறுப்புக் கோடு ஓடினால் அந்த வழியாக வாயு கசிந்திருக்கிறது. இந்த நிலையில் புது வால்வை வாங்கிப் பழைய கைடில், பழைய சீட்டில் போட்டால் புது வால்வும் அதே இடத்தில் எரியும்.

டேப்பட் கிளியரன்ஸையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியையும்) இதோடு பார்க்க வேண்டும். உங்கள் இஞ்சினில் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது, குளிர்ந்த இஞ்சினில் அளந்து கையால் திருகி வைக்க வேண்டும். சீட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். டக் டக் என்று கேட்கும் டேப்பட்டுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் சத்தமே போடாத டேப்பட்தான். இடைவெளி போய்விட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது.

சரி, இப்போது அந்த 6,800 வெள்ளிக்கு வருவோம். அவர் சொன்ன பட்டியலில் கைடு இல்லை, சீட் வெட்டும் கூலி இல்லை, ஹெட் கேஸ்கெட் இல்லை, டைமிங் செயினைப் பற்றிய பேச்சே இல்லை. இது மறதியால் வந்தது என்று எண்ணாதீர்கள். ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கார் அரைகுறையாகக் கிடக்கும்போது போன் வரும்: “கைடு போயிருச்சு அண்ணே, இன்னும் இரண்டாயிரம் ஆகும்.” அப்போது உங்களால் மறுக்க முடியாது. இடையில் நிற்கும் இவர்கள் பலருக்குச் சொந்தப் பட்டறை கிடையாது. காரை ஒருவரிடம் விடுவார்கள், அவர் ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்புவார், நடுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. உங்கள் ஹெட்டை எந்த இயந்திரத்தில், யார் வெட்டினார் என்று உங்களிடம் காசு வாங்கியவருக்கே தெரியாது. ஜேபியில் அருமையாக ஹெட் வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. அவர்களிடம் நேராகப் போக முடிந்தால் போங்கள். எந்த மெஷின் ஷாப் என்று கேளுங்கள், நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. “ரேஸ் வால்வு” என்று பெட்டியைக் காட்டுவார்கள், உள்ளே இருப்பது என்னவென்று யாரும் அளப்பதில்லை. தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து, கைடோடு எவ்வளவு இடைவெளி வருகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வால்வுகளை எந்த சிலிண்டர் என்று குறித்துப் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல வால்வைக் கழற்றி வேறொருவருக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

டைட்டானியம் ரிட்டெய்னர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் தேயும், அடிக்கடி பிரித்துப் பார்க்கும் பந்தயக் காருக்குத்தான் அது சரி.

அப்போது வால்வை மேம்படுத்துவது எல்லாமே ஏமாற்றா? இல்லை, டர்போ கார்களுக்குக் கதை வேறு. பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றிய மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 போன்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு நீண்ட நேரம் உச்சத்தில் நிற்கும், அங்கே இன்கோனலுக்கு வேலை இருக்கிறது. இதில் ஒரு சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாமலேயே விற்கிறார்கள். அந்த காரின் ஒரிஜினல் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு உள்ளே கூடாக இருக்கும், அதில் சோடியம் இருக்கிறது. சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஓடும்போது அது உள்ளே குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்துகிறது. அதை எடுத்துவிட்டுத் திடமான வால்வு போட்டால் உலோகம் பலமானது, ஆனால் எடை கூடுகிறது, சூடு கடத்தும் அந்த வழியும் போய்விடுகிறது. அதனால் ஸ்பிரிங், கைடு, டியூனிங் மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கழற்றிய சோடியம் வால்வை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. சோடியத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பட்டறைத் தரையை தண்ணீர் விட்டுக் கழுவுகிற ஊர் இது, அறுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தள்ளி நில்லுங்கள். உங்கள் சிவிக்குக்கு இதில் எதுவும் பொருந்தாது. நாளைக்கு டர்போ கார் வாங்கும்போது நினைவில் இருக்கட்டும்.

உங்கள் காருக்குச் செய்ய வேண்டியது: லீக் டவுன் டெஸ்ட்டில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று கேளுங்கள். சைலன்சர் குழாயில் உஸ் என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். நான்கு சிலிண்டரும் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஹெட்டைத் தொடாதீர்கள். டேப்பட்டைச் சரிசெய்து, டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்று பார்த்து, நல்ல எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் 20க்கு மேல் போய், சத்தமும் வால்வுப் பக்கம் வந்தால் ஹெட்டைக் கழற்றலாம். அப்போது ஸ்பிரிங், வால்வு சீல், தேய்ந்த கைடு எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். வால்வு கெட்டிருந்தால் ஹோண்டாவின் சொந்த வால்வே போதும்.

இந்தப் பயத்தை வளர்ப்பதில் நம் ஊர் நடைமுறைக்கும் பங்கு உண்டு. சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டினால் யார் புது கார் வாங்குவது? பழைய காரை வைத்திருந்தால் ரோடு டாக்ஸில் 50 விழுக்காடு வரை கூடுதல், ஆண்டுதோறும் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் புகையையும் பிரேக்கையும் பார்ப்பார்கள், ஹெட்டுக்குள் கை வைத்தவரின் வேலையை யாரும் பார்ப்பதில்லை. உரிமையாளர் இந்தக் காரையே பத்து வருடம் இழுக்க வேண்டும் என்று தெரிந்துதான் இடைத்தரகர்கள் வருகிறார்கள்.

வேலை கொடுப்பதாக முடிவு செய்தால் விலைப்பட்டியலை வரிவரியாக எழுதி வாங்குங்கள். பாகத்தின் எண், கூலி, மெஷின் ஷாப்பின் பெயர் எல்லாம் இருக்கட்டும். தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் குரல்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனால் கஷ்டம்தான். அப்புறம், சேப்பாங் போவதற்கு முன் உங்கள் காப்புறுதியை எடுத்துப் படியுங்கள். பந்தயத் தடத்தில் நடப்பதைப் பெரும்பாலான காப்புறுதி ஏற்காது.