பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?

கேள்வி: கிறிஸ்துமஸ் செய்தியில் ‘பயப்படாதே’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா?

பதில்: சொன்ன மாத்திரத்தில் போவதில்லை, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி நூல்களும் அப்படிச் சொல்லவில்லை. அவற்றில் ஒன்றான லூக்கா நூலின் முதல் 2 அதிகாரங்களில் கோயில் குருவான சகரியா, இயேசுவின் தாய் மரியாள், இரவில் மந்தையைக் காவல் காத்த மேய்ப்பர்கள் என மூன்று தரப்பினருக்கும் தூதன் இதைச் சொல்கிறான். மேய்ப்பர்களுக்குத் தரப்பட்ட அடையாளத்தைக் கவனியுங்கள்: வாளோ படையோ அன்று, துணியில் சுற்றி, கால்நடைகளின் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பச்சிளங்குழந்தை இயேசு. கடவுளைக் கண்டால் உயிர் தங்காது என்று நடுங்கிய மரபில் வந்தவர்களிடம், பிறர் கையில் ஏந்தவேண்டிய சிசுவாக அவர் வந்தார் என்பதே, என் பார்வையில், இச்செய்தியின் உயிர்நாடி.

ஆனாலும் ஆபத்து விலகிவிடவில்லை. ஏரோது அரசன் (அரியணையில் இருந்தவனே அக்குழந்தையை எண்ணிக் கலங்கினான் என்பது வேடிக்கைதான்) பிள்ளையைக் கொல்லத் தேடுவான் என்று கனவில் எச்சரிக்கப்பட்ட மரியாளின் கணவர் யோசேப்பு, தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ‘கடவுள் நம்மோடு’ என்று பொருள்படும் ‘இம்மானுவேல்’ என மற்றொரு நற்செய்தி நூலாசிரியரான மத்தேயு அக்குழந்தையைக் குறிப்பிடுவது, அந்த இருட்டு வழிக்கும் சேர்த்துத்தான்.