மெடிக்கல் கோடிங் கேள்வி பதில்: இசட்72.5 எப்போது போடலாம், எப்போது கூடாது?

யாழ்ப்பாணத்தில் மெடிக்கல் கோடிங் (டொக்டரின் குறிப்பைக் காப்புறுதிக்கான கோடாக மாற்றும் வேலை) படிப்பவர்களும், இங்கிருந்தே அமெரிக்க சார்ட், அதாவது நோயாளிக் கோப்பு, பார்ப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: ஆபத்து மிகுந்த பாலியல் நடத்தைக்கான கோட், அதாவது இசட்72.5. அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

சுன்னாகத்திலிருந்து ஒரு மாணவி: அக்கா, "நோயாளி ஆண், துணையும் ஆண்" என்று மட்டும் டொக்டர் எழுதியிருக்கிறார். இசட்72.52 போடலாமா?

போடக்கூடாது தங்கச்சி. அமெரிக்காவின் நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம் இசட்72.5ஐ மூன்றாகப் பிரிக்கிறது: 51 எதிர்ப்பாலினம், 52 தன்பாலினம், 53 இருபாலினம். இந்தப் பிரிவைப் பார்த்ததும், யாரோடு உறவு என்பதுதான் ஆபத்து என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கடைசி இலக்கம் துணையைப் பற்றியது மட்டும். ஆபத்து இருக்கிறது என்பதை டொக்டர் தனியாக எழுதியிருக்க வேண்டும்: ஆணுறை இல்லாத உறவு, பல துணைகள், இப்படி எதையாவது காட்டி. ஒரே துணையோடு பல வருடம் வாழும் மனிதருக்கு இந்தக் கோட் எதற்கு? உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாங்கள் அதைப் பின்கதவால் உள்ளே கொண்டுவர வேண்டாம்.

அப்படியானால் டொக்டரிடம் கேட்டு எழுதிவிக்கலாமா?

குவெரி (டொக்டரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பலாம், ஆனால் பதிலைக் கேள்விக்குள்ளே வைத்து அனுப்பக் கூடாது. "ஆபத்தான நடத்தை என்று சேர்க்கிறீர்களா, ஆமா இல்லையா?" என்பது ஆளைத் தள்ளிவிடுகிற கேள்வி. சார்ட்டில் இருப்பதை எடுத்துக்காட்டுங்கள்: "மூன்று மாதத்தில் நான்கு துணைகள், ஆணுறை இல்லை என்று வரலாற்றில் இருக்கிறது, மதிப்பீட்டில் இதுபற்றி எதுவும் இல்லை. மருத்துவ ரீதியாக இதற்கு முக்கியத்துவம் உண்டா என்று தெளிவுபடுத்தவும்." நான்கு துணை என்றால் ஆபத்துதானே என்று நீங்களே முடிவுகட்டுவது கோடரின் வேலை இல்லை.

மானிப்பாயிலிருந்து: சமூகப் பணியாளரின் குறிப்பில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அதை வைத்துப் போடலாமா?

இசட்55 முதல் இசட்65 வரையான சமூகக் காரணிகளுக்கு அவருடைய குறிப்பு போதும். இசட்72 அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. இதற்கு நோயாளியைப் பார்க்கும் டொக்டரோ, அந்தத் தகுதியுள்ள வேறு வழங்குநரோ எழுதியிருக்க வேண்டும். தேர்விலும் இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

சாவகச்சேரியிலிருந்து: கணவனுக்கு கொனோரியா. மனைவி பரிசோதனைக்கு வந்திருக்கிறார், அறிகுறி எதுவும் இல்லை. இசட்72.51தானே?

இல்லை! இசட்20.2, அதாவது பாலியல் தொற்றுடன் தொடர்பு ஏற்பட்டது என்ற கோட். அந்தப் பெண்ணின் நடத்தையில் ஒரு ஆபத்தும் இல்லை. அவர் கலியாணம் கட்டியவரோடு வாழ்ந்திருக்கிறார், அவ்வளவுதான். யாருடைய செயலை யாருடைய சார்ட்டில் எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். வன்புணர்வுக்கு ஆளானவரின் சார்ட்டிலும் இதே நியாயம்தான். உறுதியானால் டி74 (ஆங்கில T எழுத்து), சந்தேகம் என்றால் டி76. நடத்தைக் கோட் அங்கே பக்கத்திலேயே வரக்கூடாது.

மருந்துப் பட்டியலில் ட்ருவாடா இருக்கிறது. எச்.ஐ.வி நோய்க்கான பி20 போட்டேன், ஆடிட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நல்லவேளை திருப்பினார்கள் தம்பி. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த அந்த மருந்து எச்.ஐ.வி சிகிச்சைக்கும் கொடுக்கப்படுகிறது, தொற்று வராமல் தடுக்கவும் கொடுக்கப்படுகிறது. தடுப்பு மருந்தாக, அதாவது பிரெப் ஆக, 2012இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. பிரெப் வருகைக்கு இசட்29.81 என்ற தனிக் கோட் 2023 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. டொக்டர் எழுதியிருந்தால் அதனுடன் இசட்72.5 வகையையோ, எச்.ஐ.வி தொடர்புக்கான இசட்20.6ஐயோ சேர்க்கலாம். எச்.ஐ.வி என்று கோட் செய்வது உறுதியான நோயாளிக்கு மட்டும். மருந்தைப் பார்த்து நோயை ஊகிக்கவே கூடாது. பி20 ஒருமுறை கிளெய்மில் ஏறினால் அந்த மனிதரின் காப்புறுதிப் பதிவிலிருந்து அதை இறக்குவது லேசான காரியமில்லை.

பரிசோதனை வருகையில் எது முதலில் வரும்?

அறிகுறி இல்லாமல் பரிசோதிக்க மட்டும் வந்தால் பாலியல் தொற்றுப் பரிசோதனைக்கான இசட்11.3 முதலில், எச்.ஐ.வி பரிசோதனை என்றால் இசட்11.4. நடத்தைக் கோட் அதற்குப் பின்னால். அறிகுறி இருந்தால் அது ஸ்கிரீனிங் இல்லை, அறிகுறியைக் கோட் செய்யுங்கள். வெளிநோயாளர் சார்ட்டில் "கொனோரியாவாக இருக்கலாம்" என்றிருந்தாலும் கொனோரியாவுக்கான ஏ54 வராது.

யாழ்ப்பாணத்தில் வேலைசெய்யும் தாதி ஒருவர்: எங்கள் நோயாளிக் குறிப்புகளில் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இங்கே பயன்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அதில் இசட்72.5 மட்டும்தான், அந்த மூன்று பிரிவும் இல்லை. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கிற நாட்டில், ஒருவரின் கோப்பில் தேவையில்லாத பெயர்ப்பட்டை ஒட்டுவது அவருக்கு வெறும் எழுத்தாக முடியாது.

அதற்காக ஒன்றும் எழுதாமல் விடவும் முடியாது. எந்த வகை உறவு என்று தெரிந்தால்தான் தொண்டையிலா, மலவாயிலா, சிறுநீரிலா மாதிரி எடுப்பது என்று தெரியும். ஆகவே செயலை எழுதுங்கள், ஆளைப் பற்றிய தீர்ப்பை விடுங்கள். "ஒழுக்கம் கெட்டவர்" என்பதால் சிகிச்சைக்கு ஒரு பயனும் இல்லை; "கடந்த மூன்று மாதத்தில் இரண்டு துணைகள், ஆணுறை சில வேளை மட்டும்" என்பதில் எல்லாம் இருக்கிறது. துணைகள், உறவு முறை, பாதுகாப்பு, முன்பு வந்த தொற்று, கர்ப்ப எண்ணம் என்ற ஐந்தையும் கேட்டால் வரலாறு கிட்டத்தட்ட நிறைந்துவிடும். கூட வந்த மாமியை வெளியே இருத்திவிட்டுக் கேளுங்கள்!

கர்ப்பிணிகளின் எச்.ஐ.வி, சிபிலிஸ் பரிசோதனையை நடத்தையோடு முடிச்சுப் போடவே வேண்டாம். அது எல்லாத் தாய்மாருக்கும் செய்வது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கைக்கு 2019இல் சான்று கிடைத்ததும் அப்படிச் செய்ததால்தான்.

நோயாளிக்கு 22 வயது, தகப்பனின் காப்புறுதியில் இருக்கிறார். கோட் போட்டால் வீட்டுக்குத் தெரியவருமா?

வரலாம். அமெரிக்காவில் 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் இருக்கலாம். கொடுப்பனவு விபரக் கடிதம் பெரும்பாலும் காப்புறுதிதாரருக்கே போகும். விபரத்தை வேறு முகவரிக்கு அனுப்பும்படி நோயாளி கேட்க ஹிப்பா (அமெரிக்காவில் நோயாளி விபரங்களைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள் இடம்கொடுக்கின்றன. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கிளினிக். உங்கள் பங்கு, ஆதாரமில்லாத கோடை ஏற்றாமல் இருப்பது; பயந்து உண்மையான கோடை விழுங்குவதும் பிழைதான்.

இரவில் வீட்டிலிருந்து வேலை. பின்னால் நின்று அம்மா திரையைப் பார்த்து "இது என்ன பிள்ளை?" என்று கேட்கிறா!

அம்மாவும் பார்க்கக் கூடாது, தம்பியும் பார்க்கக் கூடாது. மேசையைத் திருப்பி, திரை சுவரைப் பார்க்கிற மாதிரிப் போடுங்கள். எழும்பிப் போகும்போது லொக் செய்யுங்கள். கேட்டால் ஆஸ்பத்திரி பில் வேலை என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.