கோர்ட் வாசல்: போட்டோவில் இருப்பது என் வண்டி இல்லை!

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற தண்டையார்பேட்டைக்காரர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் டிராஃபிக் சலான்.

கேள்வி: அய்யா, பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு வீடாக வாட்டர் கேன் போடுகிறேன். என் வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஹெல்மெட் போடவில்லை என்று 1000 ரூபாய் சலான் போனுக்கு வந்திருக்கிறது. இடம் மூலக்கடை. அந்த நேரத்தில் நான் காசிமேட்டில் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். போட்டோவைத் திறந்து பார்த்தால் அது ஒரு ஸ்கூட்டர், பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி கேட்கிற கேள்வி தனி! “கட்டித் தொலைடா, கோர்ட்டுக்குப் போனா ஒரு நாள் வேலை போயிடும்” என்கிறார்கள் நண்பர்கள். வக்கீல் வைக்க வேண்டுமா? கேஸ் என்று என் பேரில் ஏறிவிடுமா?
– எம்., பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி, போட்டோவைப் பெரிதாக்கி முதலில் வீட்டில் காட்டுங்கள். அது ஸ்கூட்டர், உங்களுடையது எக்ஸ்.எல். வீட்டில் எடுபடுகிற இந்தச் சாட்சி கோர்ட்டிலும் எடுபடும்.

பணத்தை மட்டும் இப்போது கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு “அது நான் இல்லை” என்று சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அரசின் இ-சலான் இணையதளத்தில் உங்கள் சலானையும் போட்டோவையும் தரவிறக்கி, கலர் பிரிண்ட் எடுங்கள். நம்பர் பிளேட்டை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். 3-ஐ 8 என்றும் 0-வை 6 என்றும் படித்துவிடுவது சகஜம். உங்கள் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து, ஆர்.சி. நகலோடு சேருங்கள். சலானில் எந்தப் போக்குவரத்துக் காவல் பிரிவு போட்டது என்று இருக்கும். அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இணையதளத்திலும் புகார் பதியலாம். நம்பரைத் தவறாகப் படித்த கேஸ் என்றால் இந்த இடத்திலேயே முடித்துவிட முடியும். முத்திரை இல்லாமல் கொடுத்த மனு கொடுக்காத மனுதான், அதில் மட்டும் கூச்சப்படாதீர்கள்.

பிளேட்டில் உங்கள் நம்பரே அச்சு அசலாக இருந்தால் விஷயம் வேறு. யாரோ உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அன்றைக்கே உங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். இன்றைக்கு ஹெல்மெட் சலானோடு போனது, நாளைக்கு அதே நம்பரில் செயின் பறிப்பு நடந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

மனு கொடுத்தும் நகரவில்லை என்றால் கோர்ட். கட்டாத சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது இணையவழிக் கோர்ட்டுக்கு, போயிருந்தால், அந்த இணையதளத்தில் இரண்டு வழி கேட்கும்: அபராதம் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு நேரடிக் கோர்ட்டுக்கு மாறும். எந்தக் கோர்ட் என்பது குற்றம் நடந்ததாகச் சொல்லும் இடத்தைப் பொறுத்தது. உங்கள் வீட்டு முகவரி அதில் வராது. திருவொற்றியூரில் கோர்ட் இருக்கிறது என்பதற்காக மூலக்கடை சலானை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள். சலானிலும் சம்மனிலும் போட்டிருக்கும் கெடுவையும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சம்மன் வந்த பிறகு போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. 1000 ரூபாய் சமாசாரத்துக்கு வாரண்ட் வாங்கி, கண்கலங்கி நிற்பவர்களை என் மேஜைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு என்ன நடக்கும்? காலை பத்தரைக்குள் உள்ளே இருங்கள். போனை அணைத்துவிடுங்கள். பெட்டி கேஸ் எனப்படும் சின்னக் கேஸ்களை முதலில் கூப்பிடுவது வழக்கம். கோர்ட் ஊழியரான டவாலி உங்கள் பெயரைக் கத்திக் கூப்பிடுவார். அது கோபம் இல்லை, அவர் வேலை. குற்றச்சாட்டைப் படித்துவிட்டு மாஜிஸ்திரேட் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். காசிமேடு, கேன், மனைவி, ஸ்கூட்டர் என்று கதையை ஆரம்பிப்பார்கள். வரிசையில் இன்னும் ஐம்பது பேர் நிற்பார்கள். கதை முடிவதற்குள் “சரி, ஒத்துக்கிறேங்க” என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டு ஃபைன் கட்டப் போய்விடுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி: “ஒப்புக்கொள்ளவில்லை அய்யா, படத்தில் இருப்பது என் வண்டி இல்லை.” சொல்லிவிட்டுப் படங்களைக் கொடுங்கள். சில கேஸ் அங்கேயே முடியும். இல்லையென்றால் வாய்தா போடுவார்கள், சலான் போட்ட அதிகாரி வந்து சாட்சி சொல்ல வேண்டும். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு.

கேமரா கேஸில் அவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்த்தார்கள். கேமராவுக்கு ஒப்புதல் சான்று, கண்காணிக்கும் சாலையில் எச்சரிக்கைப் பலகை, தேதி, நேரம், இடத்தோடு தெளிவான படம், 15 நாளுக்குள் நோட்டீஸ் என்று அது வரிசையாகக் கேட்டது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் படத்துக்குச் சாட்சியச் சட்டப்படி தனிச் சான்றிதழும் வேண்டும். முன்பு இது 65பி, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 63-வது பிரிவு. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். “சான்றிதழ் இருக்கிறதா அய்யா?” என்று பணிவாகக் கேட்டால் போதும்.

வக்கீல் கட்டாயம் இல்லை. வாசலில் “ஐந்நூறு குடு, நான் முடிச்சுத் தர்றேன்” என்று வருகிறவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். வக்கீல் வைக்க விரும்பி வசதி இல்லை என்றால், 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். வழக்கைப் பற்றியும் பயப்பட வேண்டாம். இது அடிதடி, திருட்டுக் கேஸ் இல்லை.

ஒரு எச்சரிக்கை, மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து. ஸ்பாட் ஃபைன் என்பது சமரசத் தொகை. கோர்ட்டில் தோற்றால் சட்டம் சொல்லும் உச்சம் வரை போகலாம். ஹெல்மெட்டுக்கு அந்தக் கவலை இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் தொகையே 1000-தான். (2022 அக்டோபருக்கு முன்னால் தமிழ்நாட்டில் 100 ரூபாய், அப்போது ஒருவரும் கோர்ட்டைப் பற்றி விசாரித்ததே இல்லை.) ஆனால் சிக்னலை மீறியதற்கும் போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்கும் பாயும் 184-ல் முதல் முறைக்கே 5000 வரை போகும், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. கையில் சாட்சி இல்லாமல் வீம்புக்கு அதை எதிர்க்காதீர்கள்.

உங்கள் கையில் சாட்சி இருக்கிறது. ஒரு நாள் வேலை போகும் என்பதும் உண்மைதான். அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். என்னைக் கேட்டால், போவேன்.

கேள்வி: விடியற்காலை என் கணவருக்கு நெஞ்சுவலி. ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் இல்லை. கெஞ்சியும் கேட்காமல் சலான் போட்டார்கள். ஆஸ்பத்திரி சீட்டு இருக்கிறது. கோர்ட்டில் நியாயம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கணவர் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன், அம்மா. மனசு உங்கள் பக்கம்தான். ஆனால் வண்ணாரப்பேட்டைத் தம்பி “நான் செய்யவில்லை” என்கிறார், நீங்கள் “செய்தேன், காரணம் இருந்தது” என்கிறீர்கள். கோர்ட்டில் இரண்டுக்கும் பாதை வேறு. ஹெல்மெட் சட்டத்தில் தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு விலக்கு எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு எழுதவில்லை. நீங்கள் ஒப்புக்கொண்டு காரணம் சொன்னால் மாஜிஸ்திரேட் அனுதாபமாகக் கேட்பார், தொகையைக் குறைக்க அந்தப் பிரிவு அவருக்கு இடம் வைக்கவில்லை.

அதனால் கோர்ட்டுக்கு முன்னாலேயே முயற்சி செய்யுங்கள். ஆஸ்பத்திரி சீட்டு நகலோடு போக்குவரத்து உதவி கமிஷனருக்கு மனு கொடுங்கள். மனிதத்தன்மை அங்கே வேலை செய்யலாம். வழக்கு என்று போனால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர சட்டப் பணிகள் சட்டத்தின் 12-வது பிரிவு வழி செய்கிறது. அடுத்த முறை நெஞ்சுவலி என்றால் வண்டிச் சாவியைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தவர் மயங்கிச் சரிந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கேள்வி: பைக்கை மீஞ்சூர்க்காரர் ஒருவருக்கு விற்று ஒரு வருஷம் ஆகிறது. அவர் பெயர் மாற்றவில்லை. அவர் வாங்குகிற சலான் எல்லாம் என் போனுக்கு வருகிறது. கோர்ட்டில் அவரை நிறுத்த முடியுமா?
– ஆர்., திருவொற்றியூர்

பதில்: ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு ஃபாரம் 29-ல் தெரிவிக்க வேண்டும் என்பது 50-வது பிரிவு. சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நம் பக்கம் அதிகம்.

சலான் விஷயத்தில் உங்களுக்கு ஒரு வழி உண்டு. வண்டியை ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் ஓனர் சொல்ல வேண்டும் என்கிறது 133-வது பிரிவு. கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுதிக் கொடுங்கள்: விற்ற தேதி, டெலிவரி நோட், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாங்கியவர் முகவரி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்றைக்கே விற்பனையைத் தெரிவியுங்கள். டி.என். 03 வண்டி என்றால் தண்டையார்பேட்டை. சலானை விட எனக்குப் பெரிய பயம், இன்ஷூரன்ஸ் இல்லாமல் அவர் யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈட்டு வழக்கு உங்கள் வாசலுக்கு வரும் என்பதுதான்.

கேள்வி: இரண்டு வருஷப் பழைய ஹெல்மெட் சலான். சம்மன் வரவில்லை. காலாவதி ஆகிவிட்டதா?
– கே., வியாசர்பாடி

பதில்: அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை 6 மாதத்துக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பது சட்டம், இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 514-வது பிரிவு. போலீஸ் நேரத்தோடு கோர்ட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த வாதம் செல்லாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு. விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் தானாக எதையும் மறக்காது, வண்டியை விற்கப் போகும்போது நினைவுபடுத்தும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் “சலான்” என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல் வந்தது. திறக்கலாமா?
– எஸ்., பெரம்பூர்

பதில்: கூடாது. ஏ.பி.கே. என்பது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல். ஏற்கெனவே திறந்திருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: டிரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகக் கேட்டுக்காக எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் நின்றபோது நோ பார்க்கிங் என்று சொல்லி லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டால் “வா, கோர்ட்ல பாத்துக்கலாம்” என்றார்கள். லைசென்ஸ் இல்லாமல் லோடு எடுக்க முடியுமா?
– டிரைவர், எர்ணாவூர்

பதில்: லைசென்ஸை வாங்கி வைத்தால் ஒப்புகைச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், 206-வது பிரிவு. லைசென்ஸ் திரும்ப வரும்வரை, அதில் குறித்த தேதிக்குள், அந்தச் சீட்டுதான் உங்கள் லைசென்ஸ். அது கையில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். அடுத்த சிக்னலில் லைசென்ஸ் இல்லை என்று 5000 கேட்பார்கள்.

கேட் திறக்காத வரிசையில் நின்ற வண்டியை பார்க்கிங் என்று சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எதிர்க்க வேண்டிய கேஸ் இது. உங்கள் கேட் டோக்கன், நேரம் போட்ட ஃபார்ம், முன்னாலும் பின்னாலும் நின்ற வண்டிகளின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் 2022-லிருந்து ஆவடி கமிஷனரேட்டின் கீழும் வருகிறது. அதனால் மனு எந்த ஆபீஸுக்கு என்பதை, கேஸ் போட்ட அதிகாரியின் பிரிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலாளியை விட்டு எழுதச் சொல்லாமல் உங்கள் பெயரிலேயே கொடுங்கள், லைசென்ஸ் உங்களுடையது. ஆபீஸுக்குப் போகும்போது டிரெய்லரை வாசலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.