தோசைக்கல்லும் கரிநெருப்பும்

கேள்வி: மூன்று வருஷமாக நடத்திய டிபன் கடையைப் போன மாதம் மூடிவிட்டேன். தோசைக்கல்லைப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று. 'கர்த்தர் இதில் ஒரு பாடம் வைத்திருப்பார்' என்கிறார்கள் சபையில். என்ன பாடம் ஐயா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அதை இப்போதே கண்டுபிடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது, சகோதரி? வேதாகமத்தில் யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மீன்பிடித் தொழிலிலேயே ஊறிய இயேசுவின் சீஷன் பேதுரு, மற்ற சீஷர்களோடு ராத்திரி முழுக்கத் திபேரியா கடலில் பாடுபட்டும் வலை வெறுமையாகவே இருக்கிறது. கரையில் நின்ற இயேசு காரணம் எதுவும் விளக்கவில்லை, வலப்புறம் வலையைப் போடச் சொன்னார், 153 மீன். ஆனால் என்னை உருக்குவது அந்த எண் இல்லை. அவர்கள் கரைக்கு வரும்போதே அங்கே கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். முன்பு பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த ராத்திரியில் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான் (18ஆம் அதிகாரம்). அப்படிப்பட்டவனை முதலில் சாப்பிடக் கூப்பிட்டார், 'என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

சரி, கடைக்கடன் பாக்கி இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தோசைக்கல்லை வெளியே எடுத்து எண்ணெய் தடவுங்கள், உங்கள் ஊர் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். இன்றைக்கு ராத்திரி வீட்டாருக்கு நாலு தோசை ஊற்றி, ஜெபம் பண்ணி, நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.