இறங்கும்போது தொடை நடுங்கினால்

ஜெர்மனியோட உயரமான சிகரம் சுக்ஸ்பிட்ஸ ஏறலாமான்னு கேட்டிருக்கீங்க. ஏறலாம் தம்பி, ஆனா நடந்து இறங்காதீங்க. 2,962 மீட்டர் உச்சியிலிருந்து அடிவாரத்துல இருக்கிற ஐப்சே ஏரிக்கு கேபிள் கார் இருக்கு, அதுல வந்துடுங்க.

போன தடவை மலை ஏறும்போது மூச்சு வாங்கல, இறங்கும்போதுதான் தொடை நடுங்கிச்சு, மறுநாள் ஹாஸ்டல் படிகூட இறங்க முடியலன்னு எழுதியிருக்கீங்க. இது பெரும்பாலும் முட்டிக் கோளாறு இல்ல. இறங்குறப்போ முன்தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்பு எடையைப் பிடிச்சு நிறுத்தணும். மன்னார்குடியில வளர்ந்த காலுக்கு அந்த வேலையே கிடையாது. நம்ம பக்கம் மேடுன்னா ஆத்தங்கரைதான். சுவாமிமலையே 60 படிக் கட்டுமலை!

ஒண்ணு செஞ்சு பாருங்க. வாசப்படியில ஒத்தைக் கால்ல நின்னு, மத்த காலை மூணு எண்ணுற நேரத்துல மெதுவா கீழ இறக்குங்க, குதிகால் மட்டும் தரையைத் தொடணும். பத்து தடவைக்குள்ள தொடை எரிஞ்சா தசைதான் பத்தல. லீவு முடியுறவரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் இதையே பண்ணுங்க. வாரம் ஒருக்கா திருச்சி மலைக்கோட்டைக்குப் போங்க. ஏறுறது எப்படியோ போகட்டும், இறங்குறது நிதானமா இருக்கணும்.

முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கிட்டாலோ பயிற்சியை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. பலத்த காத்துன்னா கேபிள் கார் ஓடாது, கிளம்புற அன்னைக்குக் காலையிலயே விசாரிச்சுக்குங்க.